ஒன்பது மணிக்கு மூன்று நிமிடம்

ஆரோக்கிய ஜெகனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கெட்டுப்போன பொருளைச் சரிசெய்துவிட்டுப் பேசாமல் எழுந்து போக அவனுக்கு வராது. அது ஏன் கெட்டது என்று தெரிந்தால்தான் சோறு இறங்கும். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால், ஓடவைத்த பிறகும் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "ஓடுதுல்ல, வுட்டுத் தொலைங்க" என்று அவன் மனைவி மேரி ஷாலினி தேங்காய்ச் சில்லும் கையுமாக நிற்பாள். அப்படிப்பட்டவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஐந்து வாரமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அது சிதம்பரத்தில் இருந்தது. ஜெகன் வேலை பார்த்த அலையாத்தி இறால் தீவனக் கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் கடலூர் செம்மண்டலத்தில். சிதம்பரத்தில் ஒரு கிளை. தீவனம் விற்பதோடு, இறால் குட்டை வைத்திருப்பவர்கள் கொண்டுவரும் தண்ணீரைச் சோதித்து முடிவு சொல்வதும் அந்தக் கிளையின் வேலை. முடிவுகளை ஏற்றும் கம்ப்யூட்டர்தான் காலையில் ஒரே பல்லவியைப் பாடியது. இந்தக் கம்ப்யூட்டருக்கும் டொமைனுக்கும் இருந்த நம்பிக்கை அறுந்துவிட்டது, உள்ளே விட முடியாது என்றது. டொமைன் என்பது கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒரே குடும்பமாகக் கட்டி வைக்கும் ஏற்பாடு. யார் நம்மவர், யார் வெளியாள் என்று கடலூரில் உள்ள சர்வர்தான் பார்த்துச் சொல்லும். ஜெகன் போனிலேயே வழிசொல்லி ஆறு தடவை சரிசெய்துவிட்டான். சரிசெய்த அன்றைக்குப் பெட்டி சமர்த்தாக இருக்கும். மறுநாள் காலையில் அறுந்து கிடக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் மேனேஜர் சுப்புராயன் அவனைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் வரிசையாகத் தேதிகள்.

"தெனம் காலையில ஒம்போது மணிக்கு மூணு நிமிஷம் அந்த மெஷின் லைன்ல இல்ல. பாத்தியா? லைன புடுங்கிட்டு அந்தப் பொண்ணு வினோதினி இன்னா பண்ணுது? நம்ம ரிசல்ட்ட வேற தீவனக் கம்பெனிக்காரனுக்கு எடுத்துக் குடுக்குதா?"

"அப்படி இருக்காது சார்."

"பின்ன எப்படி? சொல்லு. மெமோ குடுத்துட்டேன். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் வரணும். வரலன்னா மாசக் கடைசியில கான்ட்ராக்ட்ட முடிச்சி அனுப்பிடுவேன். நீ நேர்ல போ. மெஷினுக்கு இன்னா கோளாறுனு நான் கேக்கல. யாரு கை வச்சதுனு எழுதி அனுப்பு."

ஏன் என்று கேட்கிறவனை யார் என்று கேட்டுவரச் சொல்லி அனுப்பினார்கள். ஜெகனுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும் மறுநாள் காலை ஏழு மணிக்குத் திருப்பாப்புலியூரில் பஸ் ஏறினான்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஜன்னல் தகரத்தை இறக்கிவிட்டார்கள். பஸ்ஸுக்குள் ஈரத்துணி வாடையும் யாருடைய கூடையிலிருந்தோ கருவாட்டு வாடையும் கலந்து அடித்தன. வெள்ளாற்றுப் பாலத்தில் மட்டும் தகரத்தைத் தூக்கிப் பார்த்தான். ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. சரிசெய்தால் ஒரு நாள் நிற்கிறது, மறுநாள் நிற்பதில்லை. இடையில் இரவில் என்ன நடக்கிறது? பஸ் சிதம்பரம் நுழையும்வரை இதையேதான் உருட்டிக்கொண்டிருந்தான்.

கிளை வாசலில் அந்த நேரத்துக்கே நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில், பாட்டில் மேல் குட்டை நம்பர் எழுதிய காகிதம். கிள்ளைப் பக்கத்திலிருந்து வந்திருந்த குட்டைக்காரர் ஆண்டி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, உள்ளே இருந்தவளிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து குடுத்த தண்ணிக்கு இன்னிக்கினா ரிசல்ட்டு வருமா பாப்பா? போன வாரம் ஒரு நாள் லேட் பண்ணிட்டீங்க. மழத்தண்ணி எறங்கி உப்பு கொறஞ்சிபோச்சி. அது தெரியாம நான் பாட்டுக்குத் தீவனத்தப் போட்டுகினு இருந்தேன். பாதிக் குட்ட போச்சி."

"வரும் மாமா. இப்ப வந்துரும். செத்த உக்காருங்க" என்றாள் வினோதினி.

அவளுக்கு முப்பத்துமூன்று வயதிருக்கும். ஈரக்குடையை மூலையில் சாய்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது. மேசைக்கடியில் குனிந்து கையை நீட்டி நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். பாஸ்வேர்டு அடித்தாள். திரை திறந்தது. மறுபடி குனிந்து வயரைச் சொருகினாள். நிமிர்ந்தபோது வாசலில் ஜெகன் நிற்பதைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போனது.

"சார், நான் வந்து..."

"இருங்க, இருங்க. இத எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றான் ஜெகன். பயத்தோடு நின்றவளுக்கு அவன் குரலில் இருந்த ஆவல் புரியவே கொஞ்சநேரம் ஆயிற்று.

"ஒரு நாளு பெருக்கறப்ப வயரு கழண்டுகிச்சி சார். கழண்டது தெரியாம பாஸ்வேர்டு போட்டேன், உள்ள வுட்டுடிச்சி. அப்பறமா வயரச் சொருவினேன். வேல ஓடிச்சி. ஒவ்வொரு நாளும் உங்களுக்கு போன் பண்ணித் தொந்தரவு குடுக்க வாணாம்னு இப்படியே பண்ணிட்டேன். தப்பா சார்?"

"தப்பு இல்ல. வயரு இருந்தா பெட்டி கடலூரக் கேக்கும். கடலூரு 'இந்தப் பெட்டியே யாருனு எனக்குத் தெரியாது'ங்குது. வயரு இல்லனா அதுக்குக் கேக்க ஆளில்ல. முன்ன நீங்க வந்துபோனது ஞாபகம் இருக்குல்ல, அத வச்சி உள்ள வுட்டுடுது."

"அதான் நான் லீவு போட்ட அன்னிக்கு தீவனம் விக்கற தமிழ்ச்செல்வி ஒக்காந்தா, அவள வயரு புடுங்கியும் உள்ள வுடல. அவ இந்தப் பெட்டியில ஒக்காந்ததே இல்ல. அன்னிக்குத்தான் ஆண்டி மாமாவோட ரிசல்ட்டு நின்னுபோச்சி."

மேனேஜரின் மூன்று நிமிடம் இதுதான். திருட்டு இல்லை, வேலை நடக்கவேண்டுமே என்று ஒருத்தி தினமும் மேசைக்கடியில் குனிந்த நேரம். ஜெகனுக்கு நெஞ்சில் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி அப்படியே இருந்தது. பெட்டி ஏன் தினமும் அந்நியமாகிறது?

ஆண்டிக்கும் மற்றவர்களுக்கும் ரிசல்ட்டு அச்சடித்துக் கொடுத்த பிறகு, ஜெகன் நாற்காலியில் உட்கார்ந்தான். வினோதினி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

"நம்பிக்கனு இங்கிலீஷ்ல வருதே சார், மெஷினுக்கு இன்னா நம்பிக்க?"

"பெட்டிக்கும் சர்வருக்கும் ஒரு ரகசிய வார்த்த உண்டு. நமக்குக்கூடத் தெரியாது. மாசத்துக்கு ஒருக்கா பெட்டியே அத மாத்தி சர்வர்கிட்ட சொல்லிடும். ரெண்டும் ஒரே வார்த்தய வச்சிருந்தா சரி. ஒண்ணு பழச சொல்லி ஒண்ணு புதுச வச்சிருந்தா அறுந்துரும்."

"அப்ப இது பழச சொல்லுதா?"

"அப்படித்தான் தெரியுது. ஆனா நான் புதுசு குடுத்தத எப்படி மறக்குதுனுதான் தெரியல."

பேசிக்கொண்டே சரிசெய்தான். ஒரு வரிக் கட்டளை; பெட்டி சர்வரிடம் புது வார்த்தை வாங்கிக்கொண்டது. சோதித்துப் பார்த்தான், நம்பிக்கை உண்டு என்றது. அடையாளத்துக்கு முகப்புத் திரையில் ஒரு சின்ன ஃபைல் வைத்து, 'ஜெகன் வந்து சரிசெய்தான், பத்து நாற்பது' என்று எழுதிவைத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் வினோதினி தன் டிபன் பாக்ஸைப் பாதியாகப் பிரித்தாள். இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னானே தவிர, நல்லெண்ணெய் மிதந்த கொத்சைப் பார்த்ததும் ஜெகன் கையைக் கழுவிவிட்டான். மூன்றாவது இட்லியின்போது ஒரு இடி விழுந்தது. கரண்ட் போய் இரண்டு நிமிடத்தில் வந்தது. கீச்சென்று கத்திக்கொண்டிருந்த யூ.பி.எஸ். அதற்குள் உயிரை விட்டிருந்தது. பெட்டி மறுபடி உயிர்பெற்று, பழைய பல்லவியைத் திரையில் போட்டது.

ஜெகன் இட்லிக் கையோடு எழுந்தான்.

"வயரப் புடுங்குங்க. உள்ள போங்க."

அவள் உள்ளே போனாள். முகப்புத் திரையில் அவன் வைத்த ஃபைல் இல்லை.

"என் ஃபைல் எங்க?"

"அது நிக்காது சார். டெஸ்க்டாப்ல எது வச்சாலும் மறுநாளு இருக்காது. அதான் நான் எல்லாத்தயும் டி டிரைவ்ல வப்பேன்."

"எத்தினி நாளா?"

"மூணு மாசம் இருக்காது. நீங்கதான் ஹெட் ஆபீஸ்ல இருந்து டெய்லி சுத்தம் பண்றீங்கனு நெனச்சிகினு இருந்தேன். ரூல் போலனு."

ஜெகனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தப் பெட்டி வார்த்தையை மட்டும் மறக்கவில்லை, எல்லாவற்றையும் மறக்கிறது. அணைத்துப் போட்டால் ஏதோ ஒரு பழைய நாளுக்குப் போய்விடுகிறது. கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு வந்து, பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசி, ஒரு செத்த பல்லி, அதற்குப் பக்கத்தில் அவன் ஒருநாளும் பொருத்தாத ஒரு பச்சை அட்டை. அட்டையில் ஒரு ஸ்டிக்கர்: 'தமிழ் பிரவுசிங், கேபின் ஏழு'.

"இது இன்னா தெரியுமா?" என்று கேட்டுத் திரும்பினான்.

வினோதினி அட்டையைப் பார்க்கவில்லை. ஸ்டிக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிரம்பிவிட்டது.

"எங்க வூட்டுக்காரரோட கடை சார் அது. வைரஸ மட்டும் எடுத்தேன்னுதான் எங்கிட்ட சொன்னாரு."

அந்த அட்டையைப் பற்றி ஜெகன் கேள்விப்பட்டிருக்கிறான். பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்கள் போடுவது. பகலெல்லாம் கண்டவன் கண்டதை இறக்கிவைத்தாலும், அணைத்துப் போட்டால் பெட்டி மறுபடி முதல்நாள் போலச் சுத்தமாகிவிடும். காலேஜ் பையன்கள் குப்பையாக்கும் பத்துப் பெட்டிகளை ஒற்றை ஆளாக மேய்த்தவர்களுக்கு அது தெய்வம் மாதிரி. ஆனால் அட்டையைச் சும்மா பிடுங்கிவிட முடியாது. பூட்டினவன் வந்து பாஸ்வேர்டு போட்டு எடுத்தால்தான் உள்ளிருப்பது உருப்படும்.

வினோதினி புருஷனுக்குப் போன் செய்தாள். "ஒடனே வாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செந்தமிழ்செல்வன் கால்மணி நேரத்தில் மொபட்டில் நனைந்துகொண்டே வந்தான். அண்ணாமலை நகர்ப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன், ஆளாளுக்குக் கையில் போன் வந்ததும் அதை மூடிவிட்டு, அதே இடத்தில் இப்போது ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கிறான். மழைக்காலத்தில் அதுவும் ஈயாடும். வினோதினி சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கழற்றி வைத்திருந்த பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கார்டுதான் காரணமா சார்?"

"ஆமா."

"எனக்குத் தெரியாது சார். சத்தியமாத் தெரியாது. எங்க சென்டர்ல டொமைனு கிமைனுலாம் கெடையாது. ஊர்க்காரங்க பென்டிரைவக் கொண்டாந்து சொருவறாங்க, வைரஸ் வருது, இவுங்கள ஹெட் ஆபீஸ்ல திட்றாங்க. சுத்தமா இருக்கற அன்னிக்கு கார்டப் போட்டுட்டா டெய்லி சுத்தமாவே எழுந்திரிக்கும்னு போட்டேன். டி டிரைவ்ல வேலக்காயிதம்லாம் இருந்துது, அத மட்டும் பூட்டாம வுட்டேன்."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்றாள் வினோதினி.

"பழய சாமானப் போட்டேன்னா நீ பயப்புடுவ. அதான் சொல்லல."

"பயப்புடுவனா? அஞ்சு வாரமா தெனம் காலையில பயந்துகினேதான் வரேன். மேசைக்கடியில திருடி மாதிரி குனியறேன். உங்ககிட்டயும் சொன்னேன், பெட்டி மறுபடி மறுபடி மறக்குதுனு. அப்பயாவது வாயத் தொறந்தீங்களா?"

"மறக்குதுனா சொன்ன? உள்ள வுட மாட்டங்குதுனு சொன்ன. நான் கேபிள் ப்ராப்ளம்னு நெனச்சிட்டேன் வினோ."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே நின்றான். ஜெகன்தான் இடையில் புகுந்தான்.

"எல்லாம் சரி தம்பி. கம்பெனி மெஷின வெளியாளு தொறக்கக் கூடாதுனு இவுங்களுக்குத் தெரியும். அப்பறம் எப்படி..."

செந்தமிழ்செல்வன் மனைவியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள். அவன் கேட்கவில்லை.

"நீங்கதான சார் சொன்னீங்க?"

"நானா?"

"செப்டம்பர் மொதத் தேதி வாக்குல. நீங்க வேளாங்கண்ணிக்கு நடந்து போய்கினு இருந்தீங்க. இவுங்க போனை ஸ்பீக்கர்ல போட்டாங்க. பக்கத்துல பாட்டு சத்தம். 'உங்க வூட்டுக்காரரு கம்ப்யூட்டர் கடைதான, அவரையே எதுனா பண்ணச் சொல்லுங்க, வைரஸ் வராம இருந்தா சரி'ன்னீங்க."

ஜெகனுக்கு அந்த நாள் கண்முன் வந்து நின்றது. காவி வேட்டி. சீர்காழி தாண்டி, தார் ரோட்டில் வெறுங்கால். இரண்டு பெருவிரலிலும் கொப்புளம். முன்னால் தேர் வண்டியில் ஒலிபெருக்கி. நடக்கும்போது போனைத் தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, சிதம்பரம் கிளை என்று பார்த்ததும் மனசு கேட்காமல் எடுத்தான். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வைத்தான். நேர்த்தியை மீறிய குற்றவுணர்ச்சியில் அடுத்த மைல்கல் வரைக்கும் செபமாலை உருட்டினான். செபமாலை ஞாபகம் இருந்தது. சொன்னது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அவன் மனதுக்குள் கணக்கு ஓடியது. செப்டம்பர் தொடக்கத்தில் அட்டை. மாதக் கடைசிக்குள் பெட்டி தன் வார்த்தையை மாற்றி சர்வரிடம் சொன்னது. இரவு அணைத்தார்கள், அட்டை அதைப் பழைய நாளுக்குக் கொண்டுபோனது. காலையில் அது பழைய வார்த்தையைச் சொல்ல, கடலூர் நீ யார் என்று கேட்டது. ஆறு தடவை அவன் செய்த ரிப்பேரும் ஆறு இரவுகளில் அதே வழியில் போயிற்று. எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. வழக்கமாக அப்படி அவிழும்போது வரும் சந்தோஷம்தான் வரவில்லை.

"மெமோவுக்கு இன்னா பதில் எழுதியிருக்கீங்க?" என்று வினோதினியைக் கேட்டான்.

அவள் இழுப்பறையைத் திறந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். 'ஐயா' என்பதோடு நின்றிருந்தது.

"வைரஸ் எடுக்க இவுரு கை வச்சாருனு எழுதணும். எழுதுனா யாரு வுட்டாங்கனு கேப்பாங்க. உங்க பேரு வரும். நீங்களே வாயத் தொறக்காம இருந்தீங்க. உங்களுக்கு எதுனா கஷ்டம் இருக்கும்போல, நீங்களா சொல்லுவீங்கனு இருந்தேன் சார்."

ஜெகனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்து வாரமாக இந்தப் பெண் தன் வேலையைப் பணயம் வைத்து அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவனோ இரவில் பெட்டிக்கு என்ன ஆகிறது என்று பஸ்ஸில் ஆராய்ச்சி செய்துகொண்டு வந்தான்.

"மொதல்ல கார்டக் கழட்டுவோம்" என்றான்.

செந்தமிழ்செல்வன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பெட்டி எழும்போது இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினான். நீலத்திரை வந்து பாஸ்வேர்டு கேட்டது. பிரவுசிங் சென்டரின் பழைய லேண்ட்லைன் நம்பரை யோசிக்காமல் தட்டினான். பூட்டு விலகியது. அட்டையைக் கழற்றி, ஊதி, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். ஜெகன் செத்த பல்லியையும் எடுத்துப் போட்டுவிட்டுத் தகட்டை மூடினான். மறுபடி கட்டளை அடித்தான். மறுபடி ஃபைல் வைத்தான். அணைத்துப் போட்டு எழுப்பினார்கள். வயர் சொருகியபடியே இருந்தது.

"போடுங்க பாஸ்வேர்ட."

வினோதினி பழக்க தோஷத்தில் மேசைக்கடியில் குனியப் போனாள். புருஷன் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. பாஸ்வேர்டு அடித்தாள். உள்ளே விட்டது.

மணி நாலே கால். ஜெகன் அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினான். அட்டை, தேதி, ரகசிய வார்த்தை, மூன்று நிமிடம், லீவு நாள் எல்லாம் எழுதினான். கடைசி வரியில்தான் மேனேஜர் கேட்ட கேள்வி இருந்தது. யார் என்பதற்கு எதிரே, 'அனுமதி கொடுத்தது நான். போனில் சொன்னேன், பிறகு மறந்துவிட்டேன். ஊழியர் மேல் தவறில்லை. ஆரோக்கிய ஜெகன்' என்று அடித்தான். அனுப்பு என்பதை அழுத்துவதற்கு முன் எழுதியதை ஒருமுறை படித்தான். வீட்டில் ஷாலினிக்கு என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டான். பிறகு அழுத்தினான்.

ஐந்து நிமிடத்தில் சுப்புராயன் கூப்பிட்டார்.

"நெசமாவா ஜெகன்?"

"நெசம்தான் சார்."

"அந்தப் பொண்ணக் காப்பாத்த எழுதலியே?"

"இல்ல சார். அதுதான் இத்தினி நாளு என்னக் காப்பாத்திகினு இருந்துது."

"அந்தப் பொண்ணோட மெமோவக் கிழிச்சிப் போடச் சொல்லு. காலையில ஒம்போது மணிக்கு நீ என் கேபினுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஜெகன் கேபின் வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜரின் மேசையில் அவன் பெயர் போட்ட ஒரு கவர் கிடந்தது தெரிந்தது. மழை நின்று, வெளியே ஈர ரோட்டில் வெயில் அடித்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சிதம்பரம் கிளை.

"சார், ராத்திரி அணைச்சிட்டுத்தான் போனோம். இப்பத்தான் போட்டேன். வயர தொடவே இல்ல."

"உள்ள வுட்டுதா?"

"வுட்டுடிச்சி சார். இவுரும் கூட வந்து நிக்கறாரு, பாத்துட்டுத்தான் கடையத் தொறப்பாராம்." பிறகு கேட்டாள். "உங்க ஃபைலு டெஸ்க்டாப்லயே நிக்குது சார். அழிச்சிடட்டுமா?"

கதவு திறந்து, சுப்புராயன் உள்ளே வா என்று கைகாட்டினார்.

"இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு ஜெகன் எழுந்து போனான்.